ஓடையை மறித்த மரம்

புயல் ஓய்ந்த மறுநாள் காலை, ஓடைகளை ஆராயும் அவள் மலைச்சரிவில் இறங்கினாள். பெரிய மரமொன்று வேரோடு சாய்ந்து ஓடையை மறித்துக் கிடந்தது. தேங்கிய தண்ணீர், நீரளக்கும் தடுப்புச் சுவரைத் தொடாமல் பக்கவாட்டில் வழி கண்டு ஓடிக்கொண்டிருந்தது.

அங்கே அருகருகே இரண்டு ஓடைகள். ஒன்றைச் சுற்றியிருந்த காட்டை முன்பொரு காலம் வெட்டிப் பார்த்தார்கள். மற்றதை யாரும் தொடக் கூடாதென்று விட்டார்கள். வெட்டிய காடு தேறிவிட்டதா என்பதை, தொடாத ஓடையோடு ஒப்பிட்டால்தான் சொல்ல முடியும். அவளும் கணவனும் தலை நரைக்கச் செய்த வேலை அதுதான். அவள் தண்ணீரில் இறங்கி அளப்பாள். அவன் ஆய்வகத்தில் கணக்குப் போடுவான். "மத்தவங்களுக்குப் பிள்ளைங்க ரெண்டு, என் மருமகளுக்கு ஓடைங்க ரெண்டு" என்று மாமியார் கேலி செய்வார்.

மரம் விழுந்தது தொடாத ஓடையில்.

கணவன் மதியத்துக்குள் ரம்பக்காரரை அழைத்து வந்துவிட்டான்.

"அறுத்து எடுத்துட்டா பழையபடி அளக்கலாம்."

"தொடக் கூடாதுன்னுதானேங்க இதை விட்டு வச்சோம்?"

"நாம காட்டையா வெட்டுறோம்? விழுந்த மரத்தைத்தானே!"

"விழுந்த மரமும் காடுதாங்க. நம்ம சுவருக்கு இடைஞ்சல்னு எடுத்தா, அப்புறம் நாம அளக்கிறது ஓடையை இல்ல, வாய்க்காலை."

"வரைபடத்துல இத்தனை வருஷமா வந்த கோடு அறுந்து போகுமே. அதுல என் பாதி ஆயுசு இருக்கு."

அவளுடைய பாதியும் அதில்தான் இருந்தது.

ரம்பக்காரர் ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார். "நீங்க ரெண்டு பேரும் பேசி முடிக்கிறதுக்குள்ள மரம் தானா மக்கிடும்போல."

கணவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கினான். மரத்துக்கு மேற்புறம் சேறும் சருகும் படிந்திருந்தன. அடியில் கசிந்த நீர் தெளிவாக இருந்தது. வெகுநேரம் பார்த்தவன், "சுவரை இன்னும் கொஞ்சம் கீழ்ப்பக்கமா நகர்த்திக் கட்டுவோம்" என்றான்.

புதுச் சுவர் எழும்ப அடுத்த மழைக்காலம் ஆகிவிட்டது. வரைபடத்தில் விழுந்த இடைவெளியைப் புள்ளிக்கோடு போட்டுக்கூட அவன் நிரப்பவில்லை. அந்த மழையில், காடு வெட்டப்பட்ட பக்கத்து ஓடை செம்மண்ணாக ஓடியது. இது அவ்வளவு கலங்கவில்லை. மரம் செய்த வேலையா, வேறு காரணமா என்று சொல்ல இன்னும் பல மழை பார்க்க வேண்டும்.

வரைபடத்தின் அந்த வெற்றிடம் கண்ணில் படும்போதெல்லாம் அவளுக்குச் சுருக்கென்கிறது. ஆனாலும் மரத்தின் மேல் முளைத்த காளான்களை இப்போது இருவரும் சேர்ந்துதான் எண்ணுகிறார்கள்.