சாட்சி

விடியுமுன்பே சலவை ஆலையில் நீராவி சூழ்ந்துவிட்டது. மருத்துவமனைகளிலிருந்து வந்த படுக்கை விரிப்புகள் தரையில் குவிந்து கிடந்தன. இரத்தம், சீழ், மலம். அவள் வெறுங்கையால் ஒவ்வொன்றாகப் பிரித்து உதறி எந்திரத்தின் வாயில் திணித்தாள். கையுறை அடுத்த மாதம் வரும் என்பார்கள். அந்த அடுத்த மாதம் இரண்டு வருடமாக வந்துகொண்டே இருந்தது.

அந்த நாற்றம் அவளுக்குப் பழகிப்போயிருந்தது. குமட்டியது வேறொன்று. ஐந்து மாதத்துக்கு முன், இங்கேதான் அவள் கணவர் பாய்லர் அறையில் நாலு நாள் சேர்ந்தாற்போல் இரட்டை ஷிப்ட் பார்த்தார். தலை பிளக்கிறது என்று சூப்பர்வைசரிடம் சொன்னார். "மாத்திரையப் போட்டுட்டு வேலையப் பாரு" என்றான் அவன். ஒரு மணி நேரத்தில் மூளையில் இரத்தக்குழாய் வெடித்து, பாய்லர் முன்னாலேயே சரிந்தார்.

உயிர் தப்பியது. வலது கையும் காலும் விளங்காமல் போயின. பேச்சில் ஒரே ஒரு சொல் மிஞ்சியது: "இல்ல." டீ வேண்டுமா என்றால் "இல்ல" என்பார், டம்ளருக்கு இடது கையை நீட்டுவார்.

"தினமும் நடக்க வைக்கணும். கைவிரலை மடக்கி நீட்டி விடணும். நாலு பேர் வந்து பேசணும். தனியா விட்டா மனசு விட்டுடுவாரும்மா" என்றாள் டாக்டர். நாலு பேருக்கு எங்கே போவது? முதல் வாரம் பழத்தோடு வந்தவர்கள் பிறகு எட்டிப் பார்க்கவில்லை. பகலெல்லாம் அவர் சுவரைப் பார்த்துக் கிடந்தார். ஒரு மாலை, அவர் நனைத்த விரிப்பை உருவும்போது, "இங்கயும் இதேதானா!" என்று கத்திவிட்டாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்று தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

பத்து மணிக்கு இஸ்திரி பிரிவு அக்கா ஓடிவந்தாள். "முதலாளி உன் வீட்டுல நிக்கிறாரு!"

ஆலைக் குடியிருப்பு மதிலை ஒட்டித்தான். இருவரும் ஓடினார்கள், பின்னாலேயே இன்னும் நாலைந்து பேர். உள்ளே முதலாளி கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி நின்றார். மேனேஜர் கட்டில் மேல் குனிந்து, செவிடனிடம் கத்துவதுபோல் கத்தினான்.

"தலைவலின்னு சூப்பர்வைசர்கிட்ட சொன்னியா?"

"இல்ல." தலை மட்டும் ஆமாம் ஆமாம் என்று ஆடியது. கண்ணில் நீர் முட்டியது.

"அவரே சொல்லிட்டாரு. எழுதிக்கய்யா" என்றார் முதலாளி. "ஆலை மேல தப்பில்ல. வேலைக்கு வராதவருக்கு வீடும் கிடையாது."

அக்கா குறுக்கே போய் நின்றாள். "அண்ணே, நீங்க உசிரோட இருக்கீங்களா?"

"இல்ல."

"இதையும் எழுதிக்குங்க சார். செத்தவர் வாக்குமூலம்னு."

வாசலில் யாரோ சிரித்தார்கள். கட்டிலில் கிடந்தவரும் பாதி வாயால் சிரித்தார். ஐந்து மாதத்தில் முதல் சிரிப்பு.

எழுதிய தாளில் ரேகை வைக்க, மேனேஜர் அவர் இடது கட்டைவிரலை மைப்பெட்டிக்கு இழுத்தான். அவர் கையை இறுக்கி மூடிக்கொண்டார். அவள் மைப்பெட்டியைப் பிடுங்கி வெளியே வீசினாள்.

"மூணு நாள்ல காலி பண்ணணும். நாத்தம் தாங்கல!" என்றார் முதலாளி.

"இந்த நாத்தத்துலதான் சார் உங்க கார் ஓடுது" என்றாள் அவள்.

கூட்டத்திலிருந்து இப்போதைய பாய்லர்காரன் முன்னால் வந்தான். ஐந்து மாதமாக அவள் முகத்தைப் பார்க்காமல் ஒதுங்கிப் போனவன்.

"அண்ணன் தலைவலின்னு சொன்னப்போ நான் பக்கத்துலதான் நின்னேன். வேலை போயிடும்னு வாயப் பொத்திக்கிட்டேன். எங்க வேணா வந்து சொல்றேன்."

"யோசிச்சுப் பேசு" என்றார் முதலாளி.

"ராத்திரியெல்லாம் யோசிச்சாச்சு சார். நேத்து எனக்கும் இரட்டை ஷிப்ட்தான்."

அவன் ஆலைக்குப் போய் நீராவிக் குழாயை அடைத்தான். எந்திரங்கள் ஒவ்வொன்றாக அடங்கின. அழுக்கு விரிப்புகள் அப்படியே கிடந்தன.

நடுப்பகலில் எல்லாரும் ஆலை வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். வீட்டைப் பறிக்கக் கூடாது, சிகிச்சைச் செலவை ஆலை ஏற்க வேண்டும், அவருக்கு உட்கார்ந்து பார்க்கும் வேலை வேண்டும், இரட்டை ஷிப்ட் ஒழிய வேண்டும் என்று கேட்டார்கள். முதலாளி கதவுக்குப் பின்னால் போலீசுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார்.

அவள் கணவரை நாற்காலியோடு தூக்கி வந்து நடுவில் வைத்திருந்தார்கள். டாக்டர் சொன்னபடி அவள் அவருடைய வலது விரல்களை மடக்கி மடக்கி நீட்டினாள். அவளுக்குக் கை வலித்தது.

"விடு, நான் பாக்குறேன்" என்று பாய்லர்காரன் உட்கார்ந்தான். "எனக்கப்புறம் யாரு?"

மூன்று கைகள் நீண்டன.