ஒஸ்காரின் சம்மதம்

பசறைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்துத் துரைமார் இருந்த பழைய பங்களாவைக் கொழும்பிலிருந்து வந்த தயானி அம்மையார் வாங்கி விடுதியாக்கினார். யுத்தம் ஓய்ந்து சமாதானம் வந்த வருடம் அது. பாதைகள் திறந்திருந்தன, வெளிநாட்டுக்காரர்களும் வரத் தொடங்கியிருந்தார்கள். தோட்டத்துக் கந்தோரில் பெரிய கிளாக்கராயிருந்து ஓய்வு பெற்று, யாழ்ப்பாணத்துக்குத் திரும்ப மனமில்லாமல் கிடந்த என்னை மனேஜராக்கினார். அங்கே மனேஜர் வேலை என்பது பாதி மனிதர்களுக்கு, மீதி மிருகங்களுக்கு.

அம்மையாருக்கு மிருகங்களை மீட்பதில் தீராத ஆசை. நுவரெலியா குதிரைப் பந்தயத்தில் கால் முறிந்த ஒரு குதிரை, இறைச்சிக்குப் போன லொறியை மறித்து இறக்கிய ஒரு பசு, நத்தார் விருந்துக்குத் தப்பிய இரண்டு வான்கோழிகள், மூன்று கால் நாய். குதிரையைப் பார்க்கப் பதுளையிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் மிருக வைத்தியர் வருவார். கீழே தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு டொக்டர் எப்போது வருவார் என்று கேட்காதீர்கள், அவரை இன்னும் யாரும் மீட்கவில்லை.

விடுதியில் மரக்கறிச் சாப்பாடு மட்டும்தான். விருந்தாளிகள் மூன்று நாள் மிருகங்களைக் கொஞ்சிப் படம் பிடித்துவிட்டு, போகிற வழியில் பசறையில் இறங்கி மட்டன் கொத்து சாப்பிட்டுப் போவார்கள்.

ஒவ்வொரு கொட்டிலிலும் ஒரு பலகை தொங்கும். மிருகத்தின் பெயர், எங்கிருந்து மீட்கப்பட்டது, அதன் கீழே மூன்று மொழியிலும் ஒரே வரி. தமிழ் வரி நான் எழுதியது: 'இனி இதை யாரும் கொண்டுபோக முடியாது.' தமிழ் தெரியாத அம்மையார் பொருள் கேட்டறிந்து, மரியாதை போதாது என்றார். 'இவரை' என்று திருத்தினேன்.

இந்த ராச்சியத்துக்குள்தான் ஒரு கிடாய் வந்து சேர்ந்தது. கழுத்தில் மஞ்சள் துணி, அதில் முடிந்த ஒரு காசு. றோசாச் செடிகளை மொட்டையடித்துக்கொண்டு நின்றதை அம்மையார் கண்டார். கட்டவும் ஆளில்லை, துரத்தவும் ஆளில்லை, ஆகவே அநாதை என்று முடிவு கட்டினார். ஒஸ்கார் என்று பெயர் வைத்தார். வெலிமடைக் கரட் வந்தது. தினமும் காலையில் சுடுதண்ணீரும் வாசனைச் சவர்க்காரமும் வந்தன. முதல் நாள் கத்திக் கலாட்டா பண்ணிய கிடாய், ஒரு மாதத்தில் வாளியைக் கண்டாலே கழுத்தை நீட்டிக் கொடுத்து நிற்கப் பழகிவிட்டது.

அது அநாதையில்லை, ரோதமுனியின் சொத்து. தேயிலைத் தொழிற்சாலையின் பெரிய சக்கரத்துக்குக் காவலிருக்கும் சாமி அவர். கொழுந்து பறிக்கும் ஜெயலெட்சுமி நேர்ந்து விட்ட கிடாய் அது. நேர்ந்த கிடாயைக் கட்டக் கூடாது, அடிக்கவும் கூடாது. அது எங்கள் போஞ்சிப் பாத்தியைத் தின்றாலும் கையெடுத்துக் கும்பிட வேண்டியதுதான்.

ஜெயலெட்சுமியின் மகன் ரமேஸ் கொழும்பில் ஒரு கடையில் நின்றவன். சந்தேகத்தின் பேரில் பொலிஸார் பிடித்துக்கொண்டு போய் நாலு வருடம் சிறையில் வைத்திருந்தார்கள். எதைச் சந்தேகித்தார்கள் என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. திரும்பி வந்தால் கிடாய் வெட்டுகிறேன் என்று தாய் நேர்ந்தாள், சமாதானத்தோடு அவனும் வந்தான். சாமி சொல்லைக் காப்பாற்றிவிட்டது. இனி இவள் காப்பாற்றாவிட்டால் அவனைத் திரும்பக் கொண்டுபோய்விடுவார்கள் என்பது அவளுடைய பயம்.

கிடாயைக் கேட்டு, பெண்களைக் கூட்டிக்கொண்டு விடுதி வாசலில் வந்து நின்றாள்.

"வேற ஆடு தாறேங்கிறாங்க தொரசாணி. வேற ஆடு வாங்க எனக்குத் தெரியாதாங்கய்யா? இது சாமிக்குன்னு சொல்லி விட்டது. இதத்தான் குடுக்கணும்."

"என்னுடைய வளவில் கொலைக்கு இடமில்லை" என்றார் அம்மையார்.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. யோசித்துப் பார்த்து அம்மையாருக்கு ஒரு வழக்கத்தை விளக்கினேன். கிடாயைச் சும்மா வெட்டிவிட மாட்டார்கள். மஞ்சள் தண்ணீரைத் தலையில் ஊற்றிவிட்டுக் காத்திருப்பார்கள். அது உடம்பைச் சிலிர்த்து உதறினால்தான் சாமி உத்தரவு கிடைத்ததாகக் கணக்கு. உதறாவிட்டால் கத்தியை எடுப்பதில்லை.

"ஆட்டிடமே சம்மதம் கேட்கிறார்களா?" அம்மையாருக்குக் கண் கலங்கியது. "எவ்வளவு நாகரிகமான மனிதர்கள். சரி, கேட்கட்டும். புத்தியுள்ள ஆடு எதுவும் சம்மதிக்காது."

தொழிலாளர் குடியிருந்த லயத்திலும் உடனே ஒத்துக்கொண்டார்கள். குளிர்ந்த தண்ணீர் பட்டால் உதறாத ஆடு இந்த மலையிலேயே கிடையாது என்பது அவர்களுடைய தைரியம். ஆக, இரண்டு பக்கமும் வெற்றி நிச்சயம் என்ற நம்பிக்கையோடு திருவிழாவுக்குப் போனோம்.

தொழிற்சாலைக்குப் பக்கத்தில் கோயில். பறை முழங்கியது. பூசாரி இராமையா செம்பு நிறையத் தண்ணீரை எடுத்துக் கிடாயின் தலையில் ஊற்றினார்.

ஒஸ்கார் கண்ணை மூடிக் கழுத்தை நீட்டிக் கொடுத்தது. அடுத்தது சவர்க்காரம் வரும் என்று நின்றது.

இராமையா இன்னொரு செம்பு ஊற்றினார். முதுகில் ஊற்றினார், காதிலும் ஊற்றினார். கிடாய் வசதியாகப் பக்கம் மாறி மற்ற விலாவைக் காட்டியது. எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, ஜெயலெட்சுமியின் முகத்தைப் பார்த்தேன், சிரிப்பு போய்விட்டது.

"உத்தரவு இல்ல" என்று சொல்லி இராமையா செம்பைக் கீழே வைத்தார்.

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாகச் சொல்வார்கள். அன்று ஆடு நனைந்தது, அழுதது ஜெயலெட்சுமி. மண்ணில் விழுந்து அழுதாள்.

"சாமி வாங்க மாட்டேங்குதே. ஆட்ட வாங்கலன்னா எம்புள்ளய எடுத்துக்குமே."

வந்த நாளிலிருந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியிராத ரமேஸ் வந்து தாயைத் தூக்கி உட்கார வைத்தான்.

"சாமி ஒண்ணுஞ் சொல்லலம்மா. பங்களாவுல தெனம் தண்ணி ஊத்துறாங்க, அதுக்குப் பழகிருச்சு. ஜெயில்ல எங்க மேலயும் ஊத்துவாங்க. மொதல்ல ஒடம்பு கெடந்து நடுங்கும். அப்புறம் எவ்வளவு ஊத்துனாலும் அசைய மாட்டோம்."

பறையடித்தவர் குச்சியை இடுப்பில் செருகிக்கொண்டார். அம்மையார் என் பக்கம் திரும்பி, அந்தப் பையன் என்ன சொன்னான் என்று கேட்டார். ஆடு தண்ணீருக்குப் பழகிவிட்டதாம் என்றேன். மீதியை நான் மொழிபெயர்க்கவில்லை.

அம்மையார் மகிழ்ச்சியோடு ஒஸ்காரை வாகனத்தில் ஏற்றிக்கொண்டு வந்தார். கொட்டிலில் பலகை ஏறியது. ஏற்றும்போது கிடாய் ரமேஸிடம் அடங்கி நின்றதைக் கவனித்திருந்தார் போலும், அடுத்த வாரமே அவனை மிருகங்களைப் பார்க்கிற வேலைக்கு எடுத்தார். காலையில் சுடுதண்ணீர் ஊற்றுவது இப்போது அவன். கை வைத்துச் சூடு பார்த்துவிட்டுத்தான் ஊற்றுவான்.

சமாதானம் மூன்று வருடம் தாக்குப்பிடித்தது. பிறகு படையினர் மறுபடியும் பாதைகளில் மறிக்கத் தொடங்கினார்கள். லயங்களில் விடியற்காலைச் சோதனை வந்தது. பக்கத்துத் தோட்டத்தில் இரண்டு பொடியன்களைக் கூட்டிக்கொண்டு போனார்கள். விருந்தாளிகள் நின்றுபோனார்கள், மிருகங்களுக்குக் கரட் மட்டும் நிற்கவில்லை.

ஒரு நாள் கொழுந்தை நிறுவையில் கொடுத்துவிட்டு, வெறுங்கூடையைக்கூட இறக்காமல் ஜெயலெட்சுமி என்னிடம் வந்தாள்.

"கிளாக்கரையா, ஆட்டுக் கொட்டில்ல ஒரு பலகை தொங்குதுங்களே. யாரும் கொண்டுபோக முடியாதுன்னு எழுதியிருக்காமே."

"ஓம், நான்தான் எழுதினது."

"மூணு பாசையிலயும் இருக்குங்களா?"

"இருக்கு."

"அப்ப புடிக்க வர்றவுங்களுக்கும் படிக்கத் தெரியும். எம்மவன் பேருக்கும் அது மாதிரி ஒண்ணு போட்டுத் தரச் சொல்லுங்கய்யா. அவனும் அங்கதான வேல செய்யிறான். கழுத்துல மாட்டிக்கச் சொல்றேன்."

அம்மையாரிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, உண்மையாகவே வேதனைப்பட்டார்.

"மனிதன் கழுத்தில் பலகை மாட்டுவதா, மிஸ்டர் இரகுநாதன்? அது மிருகங்களுக்கு. ஒரு மனிதனுக்குச் செய்தால் கேவலம் இல்லையா?"

அவர் சொன்னதில் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை. அதனால்தான் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அந்தக் கோபத்தோடேயே இறங்கிப் போய் ஜெயலெட்சுமியிடம் சொன்னேன்.

"தொரசாணி ஏலாது எண்டுட்டா. மனுசருக்கு அது கேவலமாம்."

அவள் கூடைக் கயிற்றைத் தலையில் சரிசெய்துகொண்டாள்.

"கேவலமா இருந்தா இருந்துட்டுப் போகட்டுங்கய்யா. புள்ள இருப்பான்ல."