ஹவுசிங்கில் மூன்று பட்டை

டீசல் திருடன் என்று ஒருத்தனைச் சொல்ல எங்கள் தொழிலில் சாட்சியே வேண்டாம். மைலேஜ் குறைந்தால் போதும். லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் கொடுத்த என் லாரி மார்கழியில் மூணுக்கு இறங்கியதும், அவலூர்பேட்டை ரோட்டு டீக்கடையில் என்னைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

என் லாரி என்பது வாய்ப் பழக்கம். முதலாளி சகாதேவன் அண்ணன். இரண்டு பேரும் கீழ்பென்னாத்தூர்க்காரர்கள், ஒரே வண்டியை மாறி மாறி ஓட்டியவர்கள். அவர் லாரி வாங்கியதும் முதலில் என் கையில்தான் சாவியைக் கொடுத்தார்.

அதே அண்ணன், டீக்கடையில் எல்லார் எதிரிலும் கேட்டார்: "மாப்ள வண்டியும் அரிசி லோடுதான், அதே பெங்களூர் ரோடுதான். நாலு வருது. உனக்கு மட்டும் ஏன் இருசா கம்மியாவுது?"

அண்ணன் பெண்ணைக் கட்டிய மாப்பிள்ளை மாறன் ஓட்டுவது, அண்ணன் வாங்கிக் கொடுத்த பழைய குவாரி டிப்பர். தொட்டியைக் கழற்றிவிட்டு லோடு பாடி கட்டியது. போன வருஷம் அது மூணைத் தாண்டியதில்லை. கார்த்திகை தீபம் முடிந்ததிலிருந்து நாலு. மாறனுக்குக் கால் பக்குவம் வந்துவிட்டதாம். எனக்குக் கை நீண்டுவிட்டதாம்.

நானும் பார்க்காததில்லை. டயருக்குக் காற்று சரியாக வைத்தேன். எதிர்க்காற்றில் தார்ப்பாய் உப்பினால் அதுவே டீசலைத் தின்னும் என்று இறுக்கிக் கட்டினேன். பிரேக் உரசுகிறதோ என்று டிரம்மைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். ஏசி போடாமல் வெந்தேன். பௌர்ணமி கிரிவலத்துக்கு லாரியை ஊருக்குள் விடாமல் சுற்றி அனுப்புவார்களே, அந்தச் சுற்றைக்கூடக் கழித்துப் பார்த்தேன். ஒன்றும் ஒத்துவரவில்லை.

"அண்ணே, அதே ஸ்பீடுக்கு எஞ்சின் ஜாஸ்தி சுத்துது" என்றேன். கிளட்ச் வழுக்கும் என்றார், மாற்றியும் கொடுத்தார். மைலேஜ் ஏறவில்லை. ஒருநாள் என் பெண்டாட்டி மணியம்மாளே சோறு போட்டுக்கொண்டே, "எடுத்திருந்தா அவர்கிட்ட சொல்லிடுங்க" என்றாள். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன்.

கடைசியில் அண்ணன், "நாளைக்குக் காலையில ஷெட்டுக்கு வா. கற்பூரத்தை அணைச்சு சத்தியம் பண்ணு. அதோட முடிச்சுக்கலாம்" என்றார். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைப்பது எங்கள் பக்கத்துச் சத்தியம். பொய் சொல்கிறவன் கை வைக்க மாட்டான்.

நான் ஓடாத குறையாகப் போனேன். மாறன் வாசலிலேயே பிடித்துக்கொண்டான். "மாமா, என் வண்டிக்கு அடியில ஆயில் சொட்டுது. கொஞ்சம் பாருங்களேன்." சொல்லிவிட்டு, சத்தியத்தைப் பார்க்க வந்திருந்த டிரைவர்களோடு டீக்குப் போய்விட்டான்.

வண்டிக்கு அடியில் படுத்தேன். பின்சக்கரங்களைச் சுழற்றும் பல்சக்கரங்கள் ஒரு இரும்புக் கூட்டுக்குள் இருக்கும், ஹவுசிங் என்போம். அங்கேதான் ஒழுகியது. சேற்றைத் துடைத்தேன். வெள்ளை பெயிண்டில் மூன்று பட்டை.

அது என் கை வேலை. ஆயுதபூஜைக்கு எல்லாரும் பம்பருக்குப் பொட்டு வைப்பார்கள். சுமையை இழுப்பது ஹவுசிங், அலங்காரம் மூஞ்சிக்கா என்று நான் மட்டும் என் வண்டிக்கு அடியில் நுழைந்து விபூதிப் பட்டை போடுவேன். ஊரே கேலி பண்ணும்.

தீபத்துக்கு அண்ணனே வலிய வந்து, "வண்டியை ஷெட்ல விடு, பத்து நாளும் குடும்பத்தோட இரு" என்றார். இப்படி ஒரு முதலாளியா என்று நெகிழ்ந்துபோனேன். திரும்பி வந்தபோது என் வண்டியின் அடிப்பக்கமெல்லாம் புதுக் கறுப்பு பெயிண்ட். ஆர்டிஓவிடம் எஃப்சி, அதுதான் தகுதிச் சான்று, வாங்க அடித்தேன் என்றார், நம்பினேன். என் வண்டிப் பல்சக்கரத்தை ஹவுசிங்கோடு கழற்றி மாறன் வண்டியில் மாட்டிவிட்டு, டிப்பருடையதை எனக்கு மாட்டியிருக்கிறார். டிப்பரின் பல்சக்கரம் குவாரி மேட்டில் இழுப்பதற்கென்று செய்தது. ரோட்டில் அதே வேகத்துக்கு எஞ்சினை அதிகம் சுற்றவைத்து டீசலைக் குடிக்கும். நான் ஆக்சிலேட்டரில் காலைத் தளர்த்தி என்ன, ஏசியை அணைத்து என்ன.

அண்ணன் கற்பூரத் தட்டோடு வந்தார். "குனிஞ்சு பாருண்ணே" என்றேன். பார்த்தார். அது என்ன என்று கேட்கவில்லை. வாசலைத்தான் பார்த்தார்.

"வண்டி தேறலன்னா உங்க பொண்ணும் வேணாம், வண்டியும் வேணாம்னு மாப்ள கிளம்பிட்டான்டா. நான் என்ன பண்ணட்டும்?"

"அதுக்கு என்னைத் திருடனாக்கணுமா?"

"நீ எடுக்கலன்னு எனக்குத் தெரியாதா, இருசா?"

இந்த ஒரு வார்த்தைக்காக மூன்று மாசம் ஏங்கினேன்.

கற்பூரத்தைக் கொளுத்தினேன். "என் வண்டியில எதையும் எடுக்கலன்னு நீ அணைண்ணே." அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அது தானாக எரிந்து முடிந்தது.

எல்லாரும் டீ குடித்துவிட்டு வந்தார்கள். தட்டைப் பார்த்த ஒருத்தன், "என்ன, கை வைக்கலையா இவன்?" என்றான். நான் அண்ணன் வாயைப் பார்த்தேன். இப்போதாவது சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"விடுங்கப்பா. என்ன இருந்தாலும் பழகின ஆளு" என்றார்.

சாவியைத் தட்டில் போட்டேன். மாறன், "மாமா, ஆயில் எங்கிருந்து வருது?" என்று கேட்டான்.

"ஹவுசிங்கை அவசரத்துல மாட்டியிருக்காங்க, அதான் ஒழுகுது" என்றேன். "அதுல மூணு பட்டை இருக்கு. யார் போட்டதுன்னு உன் மாமனாரையே கேளு."