பூனையும் நாயுமாய்ப் பெய்த மழை

பத்திரிகை ஆபீசில் அவருக்கு ‘அகராதி’ என்று பட்டப்பெயர். இங்கிலீஷ் வார்த்தைகள் எங்கிருந்து வந்தன என்று பதினெட்டு வருஷமாக ஞாயிறுதோறும் எழுதுகிறவர் என்பதால் பாதி. ஆளுக்கே கொஞ்சம் அகராதி ஜாஸ்தி என்பதால் மீதி. ‘மஸில்’ என்பது லத்தீனில் குட்டி எலி, ‘விண்டோ’ என்பது பழைய நார்ஸ் மொழியில் காற்றின் கண். இதெல்லாம் மனுஷனுக்கு விரல் நுனியில் இருந்தது. கட்டிய பெண்டாட்டி மனசில் என்ன இருந்தது என்பதுதான் தெரியாமல் போயிற்று.

வாசகர் கேள்விகளை டைப்பிஸ்ட் அம்மாள் ஒரே தாளில் அடித்துக் கொடுப்பார். அகராதி அந்தத் தாளை மட்டும்தான் பார்ப்பார். கடிதங்களைத் தொடவே மாட்டார். கையெழுத்தைப் பார்த்தால் இரக்கம் வரும், பதில் கெட்டுப்போகும் என்பது அவர் சித்தாந்தம். என்ன சித்தாந்தமோ, மண்ணாங்கட்டி.

இரண்டு வருஷத்துக்கு முன் அந்தத் தாளில் ‘ஒரு வாசகி’ கேட்டிருந்தாள்: “பலத்த மழையைப் பூனையும் நாயுமாய்ப் பெய்கிறது என்று இங்கிலீஷ்காரர்கள் சொல்கிறார்களே, அந்தக் காலத்தில் கூரைமேல் படுத்திருந்த பூனையும் நாயும் மழையில் வழுக்கி விழுந்ததால்தான் அப்படி வந்ததாமே. என் அப்பா சொல்வார். சரிதானா?”

அகராதிக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. ‘கூரையேறிப் படுக்கும் நாயை உங்கள் அப்பா எங்கே பார்த்தார்? அது எப்படி வந்ததென்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததுபோல் பிள்ளைகளிடம் அளந்துவிடும் அப்பாக்களை நம்பாதீர்கள்’ என்று எழுதினார். ஆபீசே சிரித்தது. அவரும் சிரித்தார்.

இப்போது மனைவி ஆஸ்பத்திரியில். இனி நாள் கணக்குதான் என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். அகராதி லீவு போட்டுவிட்டுக் கட்டிலருகே ஸ்டூலிலேயே கிடந்தார். வீட்டுப் பக்கம் ஆபீஸ்காரர் யாரையும் அண்டவிடாத ஆசாமி. ஆனாலும் டைப்பிஸ்ட் அம்மாள் மனசு கேட்காமல் பார்க்க வந்தார். படுத்திருந்தவளைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“சார், இவங்களா உங்க வீட்டம்மா? மாசத்துக்கு ஒரு தடவையாவது கேள்வி எழுதிக் கவர்ல கொண்டாந்து ஆபீஸ் வாசல்லயே என்கிட்ட குடுத்துட்டுப் போயிடுவாங்களே. அந்தப் பூனை நாய்க்கு அப்புறம் வரவே இல்ல.”

டைப்பிஸ்ட் அம்மாள் போனதும் அகராதி மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஏம்மா, என்கிட்டயே கேட்டிருக்கலாம்ல?”

“வீட்ல கேட்டா ‘அப்புறம் பார்க்கலாம்’னு சொல்லுவீங்க. பேப்பர்ல கேட்டா பதில் சொல்லுவீங்க” என்றாள். அதில் குத்தல்கூட இல்லை.

அவளுடைய அப்பா தையல்காரர். அவளுக்குப் பத்து வயசில் போய்ச் சேர்ந்துவிட்டார். மெஷினை மிதித்துக்கொண்டே, பக்கத்தில் பட்டன் துளைக்குக் காஜா எடுக்கும் மகளுக்கு இங்கிலீஷ் வார்த்தை ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை சொல்வாராம். ஒரு போட்டோகூட இல்லாத மனுஷர்; மகளிடம் மிஞ்சியது அந்தக் கதைகள்தான். கல்யாணமான புதிதில் அவள் இதைச் சொல்ல ஆரம்பித்ததும், ‘ஆதாரம் இருக்கா?’ என்று கேட்டு அவள் வாயை அடைத்ததும் இப்போது அகராதிக்கு ஞாபகம் வந்து தொலைத்தது. வெட்கத்தில் அவருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

பேனாவை எடுத்து, மருந்துச் சீட்டைத் திருப்பி வைத்துக்கொண்டார். “தப்பு பண்ணிட்டேன்மா. உங்கப்பா சொன்ன கதை எல்லாத்தையும் சொல்லு. ஒண்ணு விடாம எழுதறேன். இந்த ஞாயித்துக்கிழமை அவர் பேர்லயே வரட்டும்.”

அவள் முகம் மலர்ந்தது. கண்ணை மூடி யோசித்தாள். டிரிப்ஸ் பாட்டிலில் பாதி இறங்கும்வரை யோசித்தாள்.

“பட்டனுக்கு ஒரு கதை உண்டு. ராஜா ஒருத்தன்... இல்ல, ராஜா இல்ல...”

“அவசரமே இல்ல. மெதுவா சொல்லு.”

“வரலீங்க.” கண்ணோரம் நீர் கசிந்தது. “நீங்க எழுதினதப் படிச்சதுலேருந்து, அப்பா நினைப்பு வந்தாலே கூச்சமா இருந்துச்சு. வந்ததையெல்லாம் தள்ளிவிட்டுட்டே இருந்தேன். இப்பத் தேடறேன், அந்தப் பூனை நாய விட்டா ஒண்ணுகூட இல்ல. அப்பா குரல்கூட இல்ல.”

அகராதி வெறுஞ்சீட்டைப் பிடித்துக்கொண்டு தேம்பி அழுதார். அவள் அதைக் கவனிக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து, “பட்டன்... பட்டன்...” என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.