அத்தை முன்னால் இருமாதே

பெருங்களத்தூரில் பஸ் ஏறும்போதே ஏஞ்சலுக்கு மூக்கு ஒழுகியது. செல்வமேரி கண்டும் காணாததுபோல் துடைத்துவிட்டாள். கிறிஸ்துமஸ் நெருக்கத்தில் தூத்துக்குடி போகிற பஸ். பக்கத்து இருக்கையில் கணவனின் அக்கா கிறிஸ்டினா. மகளின் மூக்கைப் பற்றி அங்கே பேச்செடுக்க அவளுக்குத் தைரியமில்லை.

காரணம் பழையது. பெண் பார்க்க வந்த அன்று கிறிஸ்டினா காபியைக் கையில் வைத்துக்கொண்டு, "பொண்ணோட அப்பாவுக்கு இழுப்பு இருக்காமே, வேற யாருக்காவது உண்டா?" என்று கேட்டுவிட்டாள். அப்பா பொன்னுசாமி, வந்தவர்கள் கிளம்பும்வரை வீட்டுக்குப் பின்னால் நின்று துண்டை வாயில் பொத்தி இருமிக்கொண்டிருந்தார். செல்வமேரி அதை மறக்கவே இல்லை.

ஏஞ்சலுக்கு நாலு வயதில் ஆஸ்துமா என்று டாக்டர் சொன்னபோது கணவன் ஜெபகுமார், "அக்காட்ட நான் நேரம் பாத்து சொல்றேன்" என்றான். அவன் திருமுடிவாக்கத்தில் லேத் ஓட்டுகிறவன். இரும்பை நூலிழை பிசகாமல் கடைவான். அக்காவிடம் வாய் திறக்க மட்டும் வராது. இரண்டு வருடமாகியும் அந்த நேரம் வந்தபாடில்லை. இப்போதும் லீவு இல்லை, நாளைக்கு வருகிறேன் என்று நழுவிக்கொண்டான்.

ஆகவே செல்வமேரி ஒரு காரியம் செய்தாள். இழுப்புக்கு மருந்து அடிக்கிற பம்ப்பையும் அதை மாட்டுகிற மாஸ்க் வைத்த குழாயையும் ஏஞ்சலின் புது ஃபிராக்கில் சுருட்டிப் பெரிய பச்சைப் பைக்குள் வைத்தாள். பை பஸ்ஸின் டிக்கிக்குப் போய்விட்டது. கைப்பையில் வைத்தால் வம்பு. கிறிஸ்டினா உரிமையோடு அதைத் திறந்து மிட்டாய் தேடுவாள். கிளம்பும்போது குழந்தையிடமும் சொல்லி வைத்தாள்: "அத்தை முன்னாடி இருமாத கண்ணு. அம்மா பாவம்ல?" ஏஞ்சல் தலையாட்டினாள்.

வண்டலூருக்கு முன்பே பஸ் நின்றுவிட்டது. ஊரே ஒரே நாளில் கிளம்பினால் ஜிஎஸ்டி ரோடு என்ன செய்யும்? ஏசி சில்லென்று தலையில் இறங்கியது. ஓயாமல் பேசுகிற ஏஞ்சல் ஜன்னல் பக்கம் திரும்பிச் சத்தமில்லாமல் இருந்தாள். தூங்குகிறாள் என்றுதான் செல்வமேரி நினைத்தாள்.

போர்வையை இழுத்துவிடக் குனிந்தபோது பார்த்தாள். குழந்தை இரண்டு கையாலும் வாயைப் பொத்தியிருந்தது. கண்ணில் நீர் கோத்து நின்றது. தோள்கள் ஏறி ஏறி இறங்க, ஒவ்வொரு மூச்சுக்கும் தொண்டைக்குழி உள்ளே போனது. வருகிற இருமலையெல்லாம் விழுங்கிக்கொண்டிருந்தாள்.

செல்வமேரி கிறிஸ்டினாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"அண்ணி, ஏஞ்சலுக்கு ஆஸ்துமா. பம்ப் கீழ டிக்கில இருக்கு, பச்சைப் பையில."

கிறிஸ்டினா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எழுந்து முன்னால் ஓடினாள்.

"இன்னா மேடம், நடுரோட்ல டிக்கிய தொறக்க சொல்றீங்க?" என்றது கிளீனரின் குரல். அவள் ஏதோ சொன்னாள். "பாப்பாவுக்கா? மொதல்லயே சொல்றதுக்கு இன்னா!" என்று அவன் குதித்து இறங்குவது கேட்டது. அந்தக் கேள்வி செல்வமேரிக்குச் சுருக்கென்றது.

போன மாதம் இதேபோல் இழுப்பு வந்தபோது டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. படுக்க வைக்காதீர்கள், அழ விடாதீர்கள், நீங்கள் பதறினால் அவளும் பதறுவாள். ஏசி காற்றை வேறு பக்கம் திருப்பிவிட்டு, மகளை மடியில் நிமிர்த்தி உட்கார வைத்தாள். "அம்மா இருக்கேன்ல. மெதுவா ஊது பாப்போம், சூப் ஆத்துற மாதிரி." அவளும் கூடவே ஊதினாள்.

கிறிஸ்டினா புடவையெல்லாம் அழுக்காக, ஃபிராக்கோடு சேர்த்துப் பம்ப்பை வாரிக்கொண்டு வந்தாள். செல்வமேரி பம்ப்பைக் குலுக்கிக் குழாயில் மாட்டினாள். மாஸ்க்கை மூக்கும் வாயும் மூடும்படி வைத்துப் பம்ப்பை அழுத்தினாள். குழந்தை சில மூச்சு இழுத்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் ஒருமுறை. மெல்ல மெல்லத் தோள்கள் இறங்கின. தொண்டைக்குழி அடங்கியது. வெளியே ஒலித்த ஹாரன் சத்தம் இப்போதுதான் காதில் விழுந்தது.

"திரும்ப இழுத்துச்சுன்னா செங்கல்பட்டுல இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போயிடுவோம்" என்றாள் கிறிஸ்டினா. புடவையில் படிந்த அழுக்கைத் தட்டினாள். பிறகு, "அன்னிக்கு நான் கேட்டேன்ல, அதனாலயா மேரி?"

செல்வமேரி குழாயிலிருந்து பம்ப்பைக் கழற்றி நீட்டினாள். கிறிஸ்டினா பம்ப்பைத் துடைத்து, செல்வமேரியின் கைப்பையைத் திறந்து, மிட்டாய்களை ஒதுக்கிவிட்டு அங்கே வைத்தாள்.

பஸ் ஊர்ந்தது. ஏஞ்சல் அம்மாவின் காதருகே வாயைக் கொண்டுவந்தாள். ரகசியம் என்று நினைத்துத்தான் சொன்னாள். இரண்டு பேருக்கும் கேட்டது.

"அம்மா, நான் இருமவே இல்லம்மா. அத்தைக்கு எப்படித் தெரிஞ்சுது?"

கிறிஸ்டினா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இப்ப இருமலாமா?" என்றாள் ஏஞ்சல்.