அன்புசெல்வி தினமும் ஆட்டிப்பார்த்த செடி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் கோழைத்தனத்தில் பிறந்தது. மூலக்குளத்தில் என் வீட்டு மாடியில் குடியிருக்கும் நாகராஜும் அவன் மனைவி அன்புசெல்வியும் இப்போது மொட்டைமாடியில் ஒரு செடியின் முன்னால் நிற்கிறார்கள். கத்தரிக்கோல் எடுத்துவருகிறேன் என்று கீழே வந்த நான், பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

அவர்கள் கூப்பிடும்வரை எழுதலாம் என்றிருக்கிறேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

[ஆர்க்கிட் என்பது மண்ணை நம்பாமல் காற்றையும் ஈரத்தையும் மட்டுமே—]

பாடப்புத்தகம். அடித்தாயிற்று.

[அன்புசெல்வியின் கண்களில் கடல்—]

கடலோரத்துப் பெண் என்றால் கண்ணில் கடலைத் தேக்கிவிடுவது எங்கள் தொழில் வியாதி. அவள் கண்ணில் நான் பார்த்ததெல்லாம் எரிச்சல்தான். பிள்ளைச்சாவடியில் பிறந்து, வலைக்கு நடுவில் வளர்ந்தவள். நாகராஜ் வில்லியனூர் பக்கத்து விவசாயக் குடும்பம். கார் மெக்கானிக் ஷெட்டில் வேலை. அந்த வேலைக்காகப் போன ஆடியில் இங்கே குடிவந்தார்கள். வந்த மறுநாளே அவள் என்னிடம் வந்து நின்றாள்.

"இங்க காத்துக்கு ஒரு தெசையே இல்லக்கா. எந்தப் பக்கம் பாத்தாலும் செவுரு. மனுசி இருப்பாளா?"

சமாதானமாக இருக்கட்டும் என்று என் ஆர்க்கிட்டிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு துண்டைப் பிரித்துக் கொடுத்தேன். நாகராஜ் அதை ஒரு மாங்கட்டையில் வைத்துக் கட்டினான். அவள் அதையே அவனோடு பந்தயமாக்கிவிட்டாள்.

"மாசி மகத்துக்குள்ள இது கட்டையில ஒட்டிக்கிச்சின்னா நான் இங்க இருக்கேன். இல்லன்னா எங்கம்மா வூட்டுக்குப் போயிடுவேன். நீ ஷெட்டுலயே படுத்துக்க. நூல வெட்டிப் பாக்கறது அக்கா பொறுப்பு."

நாளைக்கு மாசி மகம்.

3

கொஞ்சம் தோட்டக்கலை, பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தச் சின்னச் செடிக்கு மண் வேண்டாம். கட்டையோடு சேர்த்துப் பஞ்சு நூலால் கட்டி, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தால் போதும். ஆனால் அசையக் கூடாது. புது வேரின் பச்சை நுனி கட்டைமேல் ஊர்ந்து ஒட்டிக்கொள்வதற்குள் செடி ஆடினால், நுனி உரசிக் கருகிவிடும். ஒட்டிவிட்டால் நூலே தேவையில்லை.

அன்புசெல்வி தினமும் ஆட்டிப்பார்த்தாள்.* "இன்னும் ஒட்டலக்கா!" என்று மாடியிலிருந்து கத்துவாள். அதில் என்ன ஒரு சந்தோஷம்!

(* நானும் யோக்கியம் இல்லை. எழுதிய வரி நிற்கிறதா என்று ஆட்டிப்பார்த்தே பல கதைகளைக் கருகவிட்டிருக்கிறேன். இந்தப் பத்தியையே நான்கு முறை ஆட்டியாயிற்று.)

4

நாகராஜை முதல் வரைவில் அப்பாவி என்று எழுதியிருந்தேன். அப்புறம்தான் நினைவு வந்தது.

புரட்டாசியில் ஒரு காலை, துணி காயப்போட மாடிக்குப் போனபோது கட்டையில் ஏதோ மின்னியது. குனிந்து பார்த்தேன். பஞ்சு நூலுக்கு அடியில் நைலான் தூண்டில் நரம்பு. கண்ணாடிபோல இருந்ததால் எளிதில் கண்ணில் படாது. பஞ்சு நூலை வெட்டினாலும், வேர் ஒட்டாவிட்டாலும், செடி அப்படியே நிற்கும்! நாகராஜ் பதறிக்கொண்டு ஓடிவந்தான். தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் வாங்கினானாம்.

"அக்கா, பஞ்சு நூல மட்டும் வெட்டுங்க. நரம்புகிட்ட போவாதீங்க."

"ஏம்ப்பா, இது ஏமாத்து வேல இல்லையா?"

"அவ போயிட்டா நான் என்னக்கா பண்ணுவேன்?"

அவ்வளவுதான் சொன்னான். அதற்குமேல் அவனை அப்பாவி என்றும் எழுத முடியவில்லை, திருடன் என்றும் எழுத முடியவில்லை.

5

முடிவு அ: இரண்டையும் வெட்டுகிறேன். செடி விழுகிறது. அவள் பையை எடுத்துக்கொண்டு—

(மாட்டேன். இந்தப் பாவம் எனக்கு வேண்டாம்.)

முடிவு ஆ: பஞ்சு நூலை மட்டும் வெட்டுகிறேன். செடி நிற்கிறது. அவளும் இருக்கிறாள், ஏமாந்தவளாக. நாளை அவள் மீன் குழம்பு கொண்டுவந்து கொடுக்கும்போது நான் எந்த முகத்தோடு—

6

மேலே இருக்கும் வரி பாதியில் நின்றதற்குக் காரணம், அன்புசெல்வியே இறங்கி வந்துவிட்டாள்.

"இன்னாக்கா, கத்திரிக்கோல் செஞ்சிக்கிட்டு இருக்கீங்களா?"

கதவை மெல்லச் சாத்திவிட்டுப் பக்கத்தில் வந்தாள்.

"பஞ்சு நூல மட்டும் வெட்டுங்க. நரம்புகிட்ட போவாதீங்க."

நாகராஜ் சொன்னதையே தவறிப்போய் இவள் வாயில் எழுதிவிட்டேனோ என்று திரும்பிப் பார்த்தேன். இல்லை. அவள்தான் சொன்னாள்.

"உனக்குத் தெரியுமா?"

"வலக்காரி பொண்ணுக்கு நரம்பு தெரியாதா? அவரு வயக்காட்டு ஆளு, முடிச்சு போட வரல. ஐப்பசி மழையிலயே அவுந்துபோச்சு. இப்ப இருக்கறது நான் போட்டது."

"தெனம் ஆட்டிப் பாத்தியேடி?"

"அதுலேந்து ஆட்டறாப்ல கைய வெச்சிட்டு எடுத்துடுவேன்."

"அப்ப அவன்கிட்ட சொல்லேன்."

"சொன்னா தலமேல ஏறிக்குவாரு. பந்தயத்துல தோத்துப்போய் இங்க இருக்கேன்னே நெனச்சிக்கட்டும்."

கதவுவரை போனவள் நின்றாள்.

"சாயங்காலம் செடிக்குத் தண்ணி தெளிச்சா, சாரலெல்லாம் மேக்கால வில்லியனூர் பக்கமாவே போவுதுக்கா. காத்து எங்க கடல்லேந்துதான் வருது. நான்தான் கவனிக்கல."

எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. அதற்குள் படியேறிவிட்டாள்.

7

ஆக, என் இரண்டு முடிவுகளும் குப்பைக்குப் போயின. இந்தக் கதையில் ஏமாந்த ஆள் நான் ஒருத்திதான். அதில் எனக்கு ரொம்ப சந்தோஷம்.

ஒரு கேள்வி மட்டும் பாக்கி. வேர் உண்மையிலேயே ஒட்டியிருக்கிறதா? ஆட்டுவதை அவள் விட்டே நாலு மாதமாகிறது, ஒட்டியிருக்கலாம். நரம்பை வெட்டினால்தான் தெரியும். எழுதுகிறவளுக்கு அதைத் தெரிந்துகொள்ளாமல் கை அரிக்கிறது. அதனால்தான் இந்தக் கையை நம்பி மாடிக்குப் போகப் பயமாக இருக்கிறது.

"அக்கா, கெடைச்சிதா?" மேலிருந்து நாகராஜ்.

கிடைத்துவிட்டது. வாசகரே, இந்தாருங்கள் கத்தரிக்கோல், நீங்களே பிடியுங்கள். மொத்தம் பதினெட்டுப் படி. பஞ்சு நூல் மட்டுமா, நரம்பும் சேர்த்தா என்று ஏறுவதற்குள் முடிவு செய்துகொள்ளுங்கள். எதை வெட்டினாலும் சரி, தயவுசெய்து செடியை ஆட்டிப்பார்க்காதீர்கள்.