வீட்டைக் குடித்த கதவு

1973ஆம் ஆண்டு ஆவணி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், காலை பத்தரை மணிக்கு, அடையாற்றங்கரையில் இருந்த தேவானையின் குடிசை இடிக்கப்பட்டது. பதினொரு மணிக்கு அவள் அதே குடிசைக்குள் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். சுவரும் கூரையும் லாரியில் ஏறிப் போய்விட்டன. நிலையோடு கதவு மட்டும் கரையில் நின்றது. சுற்றி வந்து பார்த்தவர்களுக்கு அதன் பின்னால் ஆறு தெரிந்தது. திறந்து பார்த்தவர்களுக்கு வீடு தெரிந்தது.

தேவானை தியாகராய நகரில் பொன்ராஜ் அண்ணாச்சியின் மரச்சாமான் கடையில் எண்ணெய் ஏற்றுகிறவள். தேக்கு வாய் திறந்த மரம். எவ்வளவு இழைத்தாலும் அதன் ரேகை நெடுக ஊசிமுனைக் குழிகள் இருக்கும். வார்னிஷ் அந்தக் குழிகளின் மேல் பாலம் போட்டு நிற்கும், நாலு வெயிலில் உரியும். ஆளிவிதை எண்ணெய் உள்ளே இறங்கி அங்கேயே கெட்டிப்படும். முதல் பூச்சை மரம் குடிக்கும்வரை பொறுத்து, மிச்சம் பிசுபிசுப்பதற்குள் துடைத்துவிட வேண்டும். அடுத்த பூச்சு ஈரமாக இருக்கும்போதே உப்புத்தாளால் தேய்த்தால் மரத்தூளும் எண்ணெயும் குழைந்து சேறாகும். அதை ரேகைக்குக் குறுக்கே அழுத்தித் துடைத்தால் குழிகள் நிரம்பும். சேற்றில் எது இருக்கிறதோ அதுவே மரத்துக்குள் நிரந்தரமாகும். துடைத்த துணியை விரித்துத்தான் காயவைக்க வேண்டும். சுருட்டிப் போட்டால் தானாகத் தீப்பிடிக்கும்.

கரையைக் காலிசெய்து ஊருக்கு வெளியே போகும்படி நோட்டீஸ் வந்தது. பதினைந்து நாள் கெடு. மற்றவர்கள் மூட்டை கட்டினார்கள். தேவானை எண்ணெய் டின்னைத் திறந்தாள். மயிலாப்பூரில் இடித்த வீடொன்றிலிருந்து வந்த பழைய தேக்குக் கதவு அவளுடையது. மரத்தூளோடு தரை மண்ணையும், அடுப்புச் சாம்பலையும், சுவரின் பெயர்ந்த காரையையும், கூரை ஓலையின் பொடியையும் சலித்துச் சேர்த்தாள். வேலைக்கு வராதவளைத் தேடி வந்த பொன்ராஜ் தலையில் அடித்துக்கொண்டார்.

“ஏ தேவானை, மண்ணையா போட்டுத் தேய்க்க? மரம் பாழாப் போயிரும்லா!”

“என் கதவு, என் மண்ணு. நீ இன்னாத்துக்குக் கூவுற அண்ணாச்சி?”

இரண்டு நாளுக்கொரு பூச்சாக ஏழு பூச்சு ஏறியது.

இடித்த அன்று நிலையைப் பிடுங்க லாரியில் சங்கிலி கட்டினார்கள். சங்கிலி இரண்டு முறை அறுந்தது. அதிகாரி ஸ்ரீனிவாசராகவன் கதவை மூன்று தரம் சுற்றி வந்தார்.

“என்னம்மா இது? பின்னாடி ஒண்ணுமே இல்லையே!”

“பின்னால இன்னா வேலை சாரு உனக்கு? வாசல் இங்க கீது. தட்டிட்டு வா.”

அவர் தட்டினார், குனிந்து உள்ளே போனார், புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

“உள்ளே அடுப்பு எரிஞ்சிண்டிருக்கே... கதவையே உடைச்சுடுவாம்மா.”

“உடைக்கச் சொல்லு. எத்தினி துண்டோ அத்தினி வூடு.”

ஸ்ரீனிவாசராகவன் கோப்பில் இரண்டு வரி எழுதினார்: குடிசை அகற்றப்பட்டது. வீடு உள்ளது. இரண்டும் உண்மை என்பதால் மேலிடத்தில் யாரும் கேள்வி கேட்கவில்லை.

குடிசை இன்னும் இடிபடாத அக்கம்பக்கத்தார் மூட்டைகளை அவிழ்த்துவிட்டுக் கதவு தேடிப் போனார்கள். தேவானை வீடு வீடாகப் போய்த் தேய்க்கச் சொல்லிக்கொடுத்தாள். 1976இல் கரையில் நாற்பத்தொரு கதவுகள் நின்றன. பாலத்தில் போகும் பஸ்ஸிலிருந்து பார்த்தால் கதவுகளும் ஆறும்தான் தெரியும். தபால்காரர் ஒவ்வொன்றாகத் தட்டிக் கடிதம் கொடுத்தார். ஐப்பசியில் ஆற்றில் வெள்ளம் ஏறினால் குடியிருப்பவர்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள். தண்ணீர் சுற்றிக்கொண்டு போகும்.